வினையும் வினாவும்

சென்ற மார்கழியில், நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில், "இறைவன் உளனா?" என்னும் பொருள் பற்றி ஒரு சொல்லாடல் நிகழ்ந்தது. வந்திருந்தோர் முப்பதின்மர் இருக்கலாம். சைவ சித்தாந்தம் முறையாகக் கற்ற அன்பர் ஒருவர் ஒருபுறமும், இளமையிலேயே பகுத்தறிவு இயக்கத்தில் ஈடுபட்ட அன்பர் ஒருவர் மறுபுறமும் நின்று வாதிட்டனர். இருவரும் நெடுநாளைய நண்பர்கள். விடுமுறைக்கு ஒரே தொடர்வண்டியில் ஊர் செல்பவர்கள். ஊரிலிருந்து வரும் புளியையும் அப்பளத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பத்தினர். ஆதலின், வாதம் எவ்வளவு சூடேறினும் சுண்டல் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கண்ட முடிவு யாதெனில், முடிவில்லை என்பதே.

கூட்டக் குறிப்பேடு எழுதும் பொறுப்பு எம்முடையது. "விவாதம் சுவையாக நடைபெற்றது, நன்றியுரையுடன் கூட்டம் இனிது முடிந்தது" என எழுதிக் கையொப்பமிட்டு வீடு திரும்பினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. சுவையாக என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. எம் தமக்கைக்கு அவ்வினா ஒருநாளும் சுவையாக இருந்ததில்லை.

யாம் நாகப்பட்டினத்தைச் சேர்ந்தவர். 2004ஆம் ஆண்டு எமக்குப் பாட்னாவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் எழுத்தர் வேலை கிடைத்தது. அவ்வாண்டு தீபாவளிக்கு ஊர் சென்றபோது, அக்காவின் மகனுக்கு, அப்போது அவனுக்கு ஆறு வயது, ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிச் சென்றோம். மீரட்டில் செய்த மட்டை. அவன் உயரத்துக்குச் சற்றுப் பெரிது. "அடுத்த வருஷம் சரியாப் போயிடும் மாமா" என்று அவனே எமக்கு ஆறுதல் கூறினான். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலை எட்டரை மணிக்கு அம்மட்டையை எடுத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு கடற்கரைக்குச் சென்றான். ஒன்பது மணி அளவில் கடல் வந்தது.

யாம் சங்கமித்ரா வண்டியில் சென்னை வந்து, பேருந்து மாறி மாறி நாகையை அடைந்தபோது நான்காம் நாள். அவனை முந்தின நாளே கண்டெடுத்து அடக்கம் செய்திருந்தனர். நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று இறந்தோர் 6,000-க்கும் மேற்பட்டோர் என்பது பின்னர் வெளிவந்த கணக்கு. வீட்டில் உறவினர் நிறைந்திருந்தனர். பெரியவர் ஒருவர் அக்காவின் அருகமர்ந்து, "எல்லாம் முன் செய்த வினை அம்மா. அவன் கணக்கு அவ்வளவுதான், கொடுத்தவன் எடுத்துக்கொண்டான்" என்று தேற்றிக்கொண்டிருந்தார். நல்லவர், தம் பேத்தியையும் அதே நாளில் இழந்தவர். அக்கா அழவில்லை. எம்மை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீ கணக்கு ஆபீசில்தானே இருக்கிறாய்? அந்தக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது, கொஞ்சம் எனக்குக் காட்டச் சொல்லேன்" என்றாள்.

அவ்வினாவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எம்மிடம் விடை இல்லை. யாம் பயின்றது இளங்கலை வரலாறு, தத்துவம் அன்று. எனினும், கிடைத்த நூல்களையெல்லாம் அவ்வொரு வினாவின் பொருட்டே புரட்டியிருக்கிறோம். புரட்டியதில் கண்டவற்றை ஒழுங்கின்றியேனும் இங்கே எழுதத் துணிகின்றோம். சித்தாந்த அன்பரும் பகுத்தறிவு அன்பரும் பொறுத்தருள்க.

எம் அலுவலகத்தில் மூத்தவராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மிதிலையைச் சேர்ந்தவர். தர்பங்காவுக்கு அருகில் ஒரு சிற்றூர். யாம் விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, அவர் ஒன்றும் கூறாமல் தம் உணவுப் பெட்டியைத் திறந்து எம்முன் வைத்தார். பிறகு ஒருநாள் தம் பாட்டியாரைப் பற்றிக் கூறினார். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி கடந்த வேளை. சிறுமியாக இருந்த பாட்டியார் முற்றத்து வெயிலில் கூந்தல் உலர்த்திக்கொண்டிருந்தாராம். நிலம் முறம் போல் ஆடியது. வயல்கள் பிளந்து நீரும் மணலும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. வீட்டினுள் இருந்த தாயும் தம்பியும் சுவரோடு போயினர். பீகாரிலும் நேபாளத்திலும் 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்ட நிலநடுக்கம் அது. முங்கேர் நகரம் கற்குவியலாயிற்று. பாட்டியார் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தும், குளிர்காலத்தில்கூடக் கூரையின்கீழ் நிம்மதியாக உறங்கியதில்லை என்றார் நண்பர்.

அந்நிலநடுக்கத்துக்கும் நம் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் தென்னாட்டில் இருந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் கூடிய மக்களிடையே பேசுகையில், பீகாரின் பேரழிவுக்கும் தீண்டாமை என்னும் பாவத்துக்கும் உயிரோட்டமான தொடர்பு உண்டு எனத் தாம் நம்புவதாகக் கூறினார். கூறிய இடம் தாமிரபரணிக் கரை. செத்த இடம் கங்கைக் கரை. செய்தி நாடெங்கும் பரவியது. நேரு தம் சுயசரிதையில், இதனைப் படித்துத் திகைத்துப்போனதை எழுதியிருக்கிறார். தாகூர் வாளா இருக்கவில்லை. மறுப்பு எழுதிக் காந்தியடிகளுக்கே அனுப்பினார். அடிகளும் அதனைத் தம் 'ஹரிஜன்' இதழில் பிப்ரவரி 16ஆம் நாள் வெளியிட்டு, கூடவே தம் விடையையும் வெளியிட்டார். தம்மைக் கண்டிக்கும் கட்டுரையைத் தம் இதழிலேயே அச்சிட்ட அப்பண்பை இக்காலத்துப் பத்திரிகைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தாகூரின் வாதம் மூன்று படிகளில் அமைந்தது எனலாம். இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே உண்டு என்பது முதலாவது. அறநெறியை நில அசைவோடு முடிச்சுப்போட்டால், கண்மூடித்தனமாகக் கொன்று பாடம் புகட்டும் இறைவனைவிட மனிதனே ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று ஒப்ப வேண்டிவரும் என்பது அடுத்தது. இறுதியாக, இதே வாதத்தை அடிகளின் எதிரிகளும் எடுத்துக்கொண்டு, தீண்டாமையைக் கைவிடச் சொன்ன பாவத்தால்தான் நிலம் நடுங்கிற்று என்று கூறலாமே என்றார். இவற்றுள் எமக்கு மிகவும் ஆழமாகத் தோன்றுவது நடுவில் உள்ளதே. எந்தத் தந்தையும், மூத்த மகன் செய்த குற்றத்துக்காகத் தொட்டிலில் கிடக்கும் இளைய மகளை அடிப்பதில்லை. அடித்தால் அவனைத் தந்தை என்று ஊரார் கூறார். இறைவன் செய்தால் மட்டும் அதற்கு வேறு பெயரா?

அடிகளின் விடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இறைவனின் சட்டங்களை முற்றும் அறிந்தவர் எவருமில்லை. பொருளுக்கும் ஆவிக்கும் இடையே அறுக்க முடியாத உறவுண்டு எனத் தம் உள்ளம் நம்புகின்றது. அந்நம்பிக்கை பிழையாகவே இருப்பினும், தம்மைத் தூய்மை செய்துகொள்ளத் தூண்டுவதால் தமக்கும் தம்மோடு நம்புவோர்க்கும் நன்மையே விளையும் என்றார். இதனைப் படித்தபோது எமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. வினைக் கொள்கை என்பது தன்மையிடத்தில் பேசப்படின் தவம். முன்னிலையிடத்தில் பேசப்படின் கொடுமை. "என் பாவம்" என்பவன் குனிகின்றான். "உன் பாவம்" என்பவன் நிமிர்கின்றான். இப்பாகுபாடு நெடுநாள் எமக்கு நிறைவளித்தது. ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டும் பெற்றோம்.

அதனை உடைத்தவளும் அக்காவே. 2009ஆம் ஆண்டு விடுப்பில் சென்றிருந்தபோது, ஒருநாள் பின்னிரவில் அவள் திண்ணையில் தனியே அமர்ந்திருந்தாள். "அன்றைக்கு அவனுக்கு இட்லி வேகத் தாமதமாயிற்று. பசியோடு இருந்தால் போகாமல் இருந்திருப்பான். பழைய சோறு கொடுத்து அனுப்பியது நான்தானே" என்றாள். பிறகு, "நான் என்ன பாவம் செய்தேனோ தம்பி" என்றாள். ஐந்து ஆண்டுகளாக அவள் அதனையே உள்ளுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. தன்மையிடத்தில் பேசப்பட்ட வினையும் அவளைத் தூய்மை செய்யவில்லை, தின்றது. பிழையான நம்பிக்கையாலும் நன்மையே விளையும் என்ற அடிகளின் கூற்று அவளளவில் பொய்த்தது. யாமும் ஒன்று கூற எண்ணி, கூறாமல் விட்டோம். பழைய சோறு ஒரு காரணமாயின், மீரட் மட்டையும் ஒரு காரணமே.

மிதிலைக்குத் திரும்புவோம். கடவுள் உண்டு என்று நிறுவிய நூல்களுள் தலையாயது எனத் தருக்க நூலார் போற்றும் 'நியாய குசுமாஞ்சலி'யை எழுதிய உதயணர் மிதிலை நாட்டவர், 10ஆம் நூற்றாண்டினர். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. பூரிக்குச் சென்றபோது கோயிற் கதவு அடைத்திருந்ததாம். சினந்த உதயணர், "செல்வச் செருக்கால் என்னை மதிக்காமல் இருக்கிறாய், பௌத்தர் வாதுக்கு வரும்போது நீ இருப்பதும் இல்லாமற்போவதும் என் கையில் அல்லவோ இருக்கிறது!" என்று ஜகந்நாதரையே கடிந்தாராம். பத்தன் ஒருவன் கடவுளுக்கு வழக்கறிஞனாக நின்று கட்சிக்காரரையே மிரட்டும் இக்கதை எமக்கு மிகவும் பிடித்தமானது.

உதயணர் தம் நூலின் ஐந்தாம் பகுதியில் அடுக்கும் சான்றுகளுள் முதலாவது நாம் அறிந்ததே. குடம் ஒரு காரியம். அதற்குக் குயவன் வேண்டும். உலகும் ஒரு காரியம். அதற்கும் கருத்தா ஒருவன் வேண்டும். நம் மெய்கண்டாரும் அருணந்தி சிவாசாரியாரும் இதே வழியில்தான் தொடங்குகின்றனர். மற்றொரு சான்று, தாங்குதல் என்பது. பாரம் மிகுந்த உலகம் வீழாமல் நிற்பதால், அதனைத் தாங்குவோன் ஒருவன் இருத்தல் வேண்டும். வானில் பறக்கும் பறவை பற்றியிருக்கும் குச்சி வீழாதிருப்பதை உவமையாகக் காட்டுவர் உரைகாரர். அழகிய உவமை. ஆனால், மிதிலை நண்பரின் பாட்டியார் கதையைக் கேட்டபின் இச்சான்றைப் படித்தபோது எமக்கு உடல் சிலிர்த்தது. நிலத்தைத் தாங்குகின்றான் என்று எந்த மண்ணில் அமர்ந்து அப்பேரறிஞர் எழுதினாரோ, அம்மண்ணே ஒரு பிற்பகலில் தாங்கவில்லை. தாங்குதல் இறைவனுக்குச் சான்றாயின், தாங்காமை எதற்குச் சான்று?

இவ்வினாவை நம் முன்னோர் அறியாதவரல்லர். பிரமசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதற்பாதத்தில் இது நேராகவே எழுப்பப்படுகின்றது: ஒருவனை இன்புறவும் ஒருவனைத் துன்புறவும் படைத்தான் எனின், இறைவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் வாராவோ? வாரா, அவன் உயிர்களின் வினைக்கேற்பவே படைக்கின்றான் என்பது விடை. சங்கரர் மழையை உவமை காட்டுவார். மழை பொது, நெல்லாவதும் வரகாவதும் வித்தின் இயல்பு. முதற்பிறப்பில் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதற்பிறப்பு என்பதே இல்லை, வினை அநாதி என்பர். சித்தாந்தியரோ இன்னும் ஒருபடி சென்று, தண்டிப்பதும் அருளே, பெற்றோர் பிள்ளையை அடிப்பது போன்ற மறக்கருணை அது என்பர்.

எழுத்தர் ஒருவரின் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே கூறுகின்றோம். கணக்குப் பிரிவில் ஓர் அடிப்படை விதி உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத பற்று எழுதக் கூடாது. தொடக்க இருப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டாமல் பக்கத்தை முன்கொணரக் கூடாது. ஒரு பக்கத்தின் குறைக்கு முந்தின பக்கத்தைக் காட்டுவதும், அதற்கு அதன் முந்தின பக்கத்தைக் காட்டுவதும், இறுதியில் முதற்பக்கமே கிடையாது என்பதுமாகிய பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். அடிக்கும் பெற்றோர்கூட எதற்காக அடிக்கிறோம் என்று பிள்ளைக்குக் கூறியே அடிக்கின்றனர். மறந்துபோன பிறவியின் குற்றத்துக்கு அடிப்பதில்லை. அக்கா கேட்டது இதுதான். அவள் இறைவனை மறுக்கவில்லை. கணக்கைக் காட்டச் சொன்னாள், அவ்வளவே.

துன்பம் ஆன்மாவைப் புடமிடும் என்பாரும் உளர். எவருடைய ஆன்மாவை? ஆறு வயதில் நின்றுபோன ஒன்றைப் புடமிட்டு அணியாக்குவது எப்போது? அவன் இறந்தது அக்காவைப் பக்குவப்படுத்துதற்காக எனின், ஒருத்தியின் பாடத்துக்கு ஒருவனைப் பலகையாக்கிய ஆசிரியரை யாம் வணங்க இயலாது.

மேனாட்டாரும் இதில் தத்தளித்தவரே. 1755 நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவர் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் குழுமியிருந்த வேளையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் கடல்கோளாலும் தீயாலும் அழிந்தது. உள்ளதனைத்தும் நன்மைக்கே என்ற தத்துவத்தை எள்ளி வால்ட்டேர் நெடுங்கவிதை பாடினார். ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று, மனிதனே என்று சுட்டினார். இக்கூற்று வால்ட்டேரின் கவிதையைவிட எமக்குப் பயன்பட்டது. ஏனெனில், இது கேள்வியைத் திருப்புகின்றது. 2004இல் சுமத்ராவுக்கு அருகே இந்தியக் கண்டத்தட்டு பர்மாத் தட்டின்கீழ் நழுவியது நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில். அலை நாகையை அடைந்தது ஒன்பது மணி அளவில். இடையில் இரண்டரை மணி நேரம். தொலைபேசியும் வானொலியும் இருந்த உலகில் அந்த இரண்டரை மணி நேரத்தில் நாகைக் கடற்கரைக்கு ஒருவரும் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. ஹைதராபாத்தில் அது அமைந்தது 2007இல். சுமத்ராவை ஒட்டிய சிமுலு என்னும் தீவிலோ, 1907இல் வந்த கடல்கோளைப் பாட்டிமார் கதையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தமையால், நிலம் அதிர்ந்ததும் மக்கள் மேட்டுக்கு ஓடினர். அதிர்ச்சியின் வாயிலிலேயே கிடந்த அத்தீவில் இறந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. தட்டு நழுவியது யாருடைய பாவமும் அன்று. சொல் வந்து சேராதது ஒருகால் நம்முடையதாக இருக்கலாம். பகுத்தறிவு அன்பர் இவ்விடத்தில் தலையசைப்பார் என்பது எமக்குத் தெரியும்.

ஆயின் அவரிடமும் ஒரு கேள்வி உண்டு. கணக்கெழுதுவோன் இல்லை எனின், அறத்துக்கு அடிநிலம் யாது? பார்ப்பார் இல்லாதவிடத்தும் ஒருவன் ஏன் நேர்மையாக நடத்தல் வேண்டும்? இது வெறும் பட்டிமன்றக் கேள்வி அன்று. அலுவலகத்தில் நாள்தோறும் மேசைமேல் வரும் கேள்வி. இதற்குக் கிரேக்கத்துப் பிளேட்டோ, சாக்ரடீசின் வாயிலாக எதிர்வினா ஒன்று எழுப்பியிருக்கிறார்: தேவர் விரும்புவதால் ஒன்று நல்லதாகின்றதா, நல்லதாக இருப்பதால் தேவர் அதனை விரும்புகின்றனரா? முன்னது எனின், அவர்கள் கொலையை விரும்பினும் அது நல்லதாகிவிடும். பின்னது எனின், நன்மை தேவருக்கும் முந்தியது. நம் நாட்டு வரலாறும் பின்னதையே ஆதரிப்பதாகத் தோன்றுகின்றது. ஒழுக்கத்தில் மிகக் கடுமை பேசிய சமணர் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை, பௌத்தரும் ஏற்கவில்லை. வேத வேள்வியையே உயிராகக் கொண்ட மீமாஞ்சகருள் குமாரிலர், உலகைப் படைத்தோன் ஒருவன் வேண்டியதில்லை என வாதிட்டவர்.

தமிழில் இது இன்னும் துலக்கமாக உண்டு. கடவுள் வாழ்த்தோடு நூல் தொடங்கிய வள்ளுவரே, ஈகை அதிகாரத்தில், மேலுலகம் என ஒன்று இல்லையாயினும் ஈதல் நல்லதே என்கிறார். இரவச்சம் என்னும் அதிகாரத்திலோ, சிலர் பிச்சையெடுத்துத்தான் வாழ வேண்டும் என்று விதித்திருந்தால் உலகைப் படைத்தவனும் அவ்வாறே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். இறைவனையே வைது இறையன்பு குறையாத வேறொரு நூலை யாம் கண்டதில்லை. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மறுவீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டு, இவ்வாறு படைத்தவன் பண்பற்றவன் என்று கூறிவிட்டு, உலகு கொடியதுதான், அதன் இயல்பறிந்தோர் அதில் இனியவற்றைக் காண்க என்கிறார். அக்காவின் வீட்டில் பறையொலிகூட இல்லை. அத்தனை வீட்டுக்கும் பறை முழக்க ஆள் ஏது? ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இப்பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு உதவும் என்று அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் அவன் என்கிறார். இப்பாட்டைப் படித்தபோதெல்லாம் எமக்குக் குமரப்பா நினைவுக்கு வருவார்.

தஞ்சையில் 1892இல் பிறந்த கிறித்தவர் ஜே. சி. குமரப்பா, இலண்டனில் தணிக்கைத் தொழில் பயின்றவர். 1934இல் இராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த பீகார் நிலநடுக்க நிவாரணக் குழுவின் கணக்குகளைக் கவனிக்கப் பாட்னாவுக்கு வந்தார். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றணாவுக்குமேல் செலவிடலாகாது என்பது அவர் வகுத்த விதி. காந்தியடிகளும் உடன் வந்தோரும் பாட்னா வந்தபோது, அவர்தம் உணவுச் செலவையும் வண்டிச் செலவையும் நிவாரண நிதியில் எழுத முடியாது என மறுத்துவிட்டார். அடிகள் காரணம் கேட்டறிந்து, அதுவே முறை என ஒப்புக்கொண்டார். நிலநடுக்கம் தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்று குமரப்பா நம்பினாரா, நம்பவில்லையா? நம்பினாலும் நம்பாவிட்டாலும் மூன்றணா மூன்றணாவே. எம் அலுவலகத்தின் பழைய நண்பர்களிடம் இக்கதையைக் கூறும்போதெல்லாம் ஓரிருவர் நகைப்பர். ஓரிருவர் பேச்சை மாற்றுவர்.

தீண்டாமை என்றதும் ஒன்று கூறியே ஆகவேண்டும். கடல் வந்தபின் நாகைக் கரையோரத்து முகாம்களில் தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கப்பட்டதும், தனியே தங்கவைக்கப்பட்டதும், அந்நாளில் பத்திரிகைகளிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் வெளிவந்தன. யாமே ஒரு திருமண மண்டபத்தில் கண்டோம். உணவுப் பொட்டலம் வழங்கும் வரிசையில் சில குடும்பத்தினரை, "நீங்கள் அப்புறம் வாருங்கள்" என்று வெளித்திண்ணையில் நிறுத்திவைத்திருந்தனர். நிறுத்தியவர்களும் வீடிழந்தவர்களே, பிள்ளை இழந்தவர்களும் அவருள் இருந்தனர். கடல் சாதி பார்க்கவில்லை. கரை பார்த்தது. தீண்டாமையைத் தண்டிக்க வந்த அலையாக அது இருந்திருப்பின், தான் தண்டிக்க வந்ததை மட்டும் நனைக்காமல் திரும்பிய அலை அது.

அம்மண்டபத்துக்கு அக்கா ஏழாம் நாள் வந்தாள். யாரும் அழைக்கவில்லை. வீட்டில் மீந்திருந்த அரிசியைக் கஞ்சியாக்கி இரண்டு அடுக்குகளில் எடுத்துவந்து, நேரே வெளித்திண்ணைக்குச் சென்று ஊற்றத் தொடங்கினாள். உள்ளிருந்து ஒருவர், "முதலில் இங்கே கொடம்மா, அவர்களுக்கு அப்புறம் ஆகட்டும்" என்றார். அவள் திரும்பியும் பார்க்காமல், "இங்கே பிள்ளைகள் நிற்கிறார்கள்" என்றாள். அவ்வளவே. புண்ணியத்துக்காகச் செய்தாளா என்று யாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுக்கை எம் கையில் கொடுத்து, "பேசாமல் பிடி" என்றிருப்பாள். அன்று முகாமில் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கைக்கு வினைக் கொள்கையோ, குடமும் குயவனுமோ, பிளேட்டோவோ தேவைப்படவில்லை. தேவைப்படவில்லை என்பதாலேயே அறத்துக்கு அடிநிலம் இல்லை என்றாகிவிடுமா, அல்லது அடிநிலமே அதுதானா என்பதை யாம் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைத் தாண்டி அதற்கொரு காரணம் தேடினால் சற்று அற்பத்தனமாகத் தோன்றுகின்றது. ஆனால் அவ்விரக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சித்தாந்த அன்பர் கேட்பாராயின், அதற்கும் எம்மிடம் விடையில்லை. அவர் அதனை அருள் என்பார். மறுக்கும் துணிவு எமக்கில்லை.

மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையை அண்மையில் மறுபடி படித்தோம். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இறுதியில், கண்ணால் கண்டதே மெய் என்னும் பூதவாதியிடம், உன் பெற்றோர் இவர்கள்தாம் என்பதை அனுமானத்தால் அன்றி எவ்வாறு அறிந்தாய் என்று கேட்டு நகைக்கிறாள். நம் பகுத்தறிவு அன்பருக்காக இதனைக் குறித்து வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும். ஆனால் யாம் கவனித்தது வேறொன்று. எல்லாக் கணக்கரையும் கேட்ட மணிமேகலை கையில் இருந்தது அமுதசுரபி. ஆபுத்திரனிடமிருந்து வந்த சோற்றுப் பாத்திரம். தத்துவம் கேட்பதற்கு முன்பே அவள் உலக அறவியில் பசித்தோர்க்குச் சோறிட்டு முடித்திருந்தாள்.

அக்காவுக்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது. மாலையில் விளக்கேற்றுவதை அவள் நிறுத்தவில்லை. நீலாயதாட்சி கோயிலுக்கும் செல்கிறாள். ஆனால் பிரகாரத்தை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறாள், சந்நிதிக்குள் நுழைவதில்லை என்று எம் மைத்துனர் கூறினார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை. அந்த மட்டை அடுத்த தெருப் பையன் ஒருவனால் மணலில் கண்டெடுக்கப்பட்டு வீடு சேர்ந்தது. பரண்மேல் இருக்கிறது.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு படி நாகைக்கு அனுப்பியாக வேண்டும். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பவள் அல்லள்; முதற்பக்கம் முதல் விளம்பரம்வரை படித்துவிடுவாள். அவள் கேட்ட கணக்கு இக்கட்டுரையில் எங்கும் இல்லை என்பதை உடன் வைக்கும் கடிதத்திலேயே எழுதிவிட எண்ணியுள்ளோம். மட்டையைப் பற்றியும் எழுத வேண்டும். அதனை இதுவரை அவளிடம் கூறியதில்லை.